காசு கொடுத்தும் இரவல்!

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் பாச்சை உருண்டை வாசனை வரும். அப்புறம் கதைகள் வரும். பாட்டியும் அவளுக்குப் பிறகு அம்மாவும் வாரா வாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்த புத்தகங்கள் அவை. சில பக்கங்களின் ஓரத்தில் பாட்டியின் பென்சில் எழுத்துக்கூட உண்டு. ஓரிடத்தில் பால் கணக்கு. இன்னோரிடத்தில், கதாநாயகியைக் கைவிட்டுப் போகிறவனுக்கு நேரே, "பாவி!" என்று ஒரே ஒரு சொல்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இருந்தால், அதில் இரண்டாம் பாகம் மட்டும் எப்போதும் காணாமல் போயிருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிர்வீட்டு மாமியோ, கல்யாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தியோ, "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். புத்தகம் என்றால் இரவல் போகும்; இரவல் போனது சில சமயம் திரும்பாது. இது நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட உலக வழக்கம்.

போன மாதம் அம்மா, நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் அக்காவுடன் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா, தான் வாங்கிப் படித்த ஒரு நாவலைப் பற்றிப் பிரமாதமாகச் சொன்னாள்.

"படிச்சாச்சு இல்லையா? இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்து அனுப்பு. படிச்சுட்டு பத்திரமா வைக்கிறேன்" என்றாள் அம்மா.

"அது மின்நூல், அம்மா. என் கருவியில்தான் திறக்கும். யாருக்கும் கொடுக்க முடியாது."

"ஏன், காசு கொடுத்துத்தானே வாங்கினே?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். "காசு கொடுத்தேன். வாங்கினேனான்னு தெரியலை" என்றாள்.

வேடிக்கைக்காகத்தான் சொன்னாள். ஆனால், வாசகிகளே, சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அவள் சொன்னது அட்சரசுத்தமான உண்மை!

காகிதப் புத்தகத்தின் நியாயம் அமெரிக்காவில் 1908-ஆம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டு, "இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் எங்கள் பதிப்புரிமையை மீறியதாகும்" என்று உள்ளே அச்சிட்டும் வைத்திருந்தது. நியூயார்க்கில் மேஸி என்ற பெரிய கடைக்காரர்கள் அதைச் சட்டை செய்யாமல் 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. கோர்ட்டு கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு பிரதியை ஒரு தடவை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இருந்த பிடி விட்டுப்போகிறது. வாங்கியவர் அதை விற்கலாம், தானம் கொடுக்கலாம், இரவல் தரலாம். நம் நாட்டுச் சட்டத்திலும் இதே நியாயம்தான். பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாகும்வரை அங்கே பழைய புத்தகக் கடைகள் கூசாமல் நடந்தனவே, இந்த நியாயத்தால்தான்.

தொண்ணூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் வேறொரு சட்டம் வந்தது. 1998 அக்டோபர் 28-ஆம் தேதி ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் சட்டம். பாட்டும் படமும் புத்தகமும் கம்ப்யூட்டருக்குள் புகுந்த காலம் அது. ஒரு பிரதியிலிருந்து லட்சம் பிரதி எடுக்கக் காலணாச் செலவில்லை. எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் கதி கலங்கினார்கள். எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. அதைக் கேலி செய்ய மாட்டேன். பிரதி எடுக்க முடியாதபடி வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு ஒருவித மின்பூட்டுப் போட்டார்கள். சட்டம் அந்தப் பூட்டுக்குக் காவல் நின்றது.

வம்பு இங்கேதான். திருடுவதற்காகப் பூட்டை உடைத்தால் குற்றம் என்று சொல்லியிருந்தால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. இந்தச் சட்டமோ, பூட்டைத் திறப்பதே குற்றம் என்றது. பீரோவை நீங்கள் விலைக்கு வாங்கியிருக்கலாம். உள்ளே இருப்பது உங்கள் கல்யாணப் புடவையாகவே இருக்கலாம். சாவி மட்டும் கடைக்காரரிடம். அவருக்குத் தெரியாமல் திறந்தால், ஒவ்வொரு தடவைக்கும் 200 முதல் 2,500 டாலர்வரை நஷ்டஈடு கேட்டு உங்கள் மேல் வழக்குப் போடலாம்!

பூட்டும் சாவியும் வேறொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2009 ஜூலை மாதம் அமெரிக்கர்கள் கண்ணாரக் கண்டார்கள். அமேஸான் கம்பெனியின் கிண்டில் என்ற படிக்கும் கருவியைத் திறந்த சிலருக்கு, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களைக் காணோம். பணம் மட்டும் கணக்கில் திரும்பி வந்திருந்தது. மறைந்துபோனவை எவை தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984", "விலங்குப் பண்ணை". "1984" நாவலைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். தனக்கு வேண்டாத காகிதங்களையெல்லாம் ஒரு துவாரத்தில் போட்டு எரித்துவிடும் சர்க்காரைப் பற்றிய கதை அது. பரிகாசத்துக்காக யாராவது இட்டுக்கட்டினால்கூட இவ்வளவு பொருத்தமாக வராது.

நடந்தது இதுதான். அந்தப் பதிப்பை அமேஸான் கடையில் விற்பனைக்கு வைத்தவருக்கு அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை கிடையாது. ஆர்வெல் 1950-ல் காலமானவர். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த 60 ஆண்டுகளுக்குப் பிறகு நூல் பொதுச் சொத்தாகிவிடும். ஆகவே 2011 முதல் அவர் நூல்களை இங்கே யாரும் அச்சிடலாம். அமெரிக்காவிலோ "1984" நாவலுக்கு 2044 முடிய உரிமை இருக்கிறது. தவறு தெரிந்ததும் கம்பெனியார் தங்கள் இடத்திலிருந்தே, வாங்கியவர் கையிலிருந்த கருவிகளுக்குள் கையை விட்டு, புத்தகங்களை அழித்துவிட்டார்கள்.

மிச்சிகன் மாகாணத்தில் பதினேழு வயதுப் பள்ளி மாணவர் ஒருவர், விடுமுறைப் பாடத்துக்காக "1984" படித்து, வரிக்கு வரி குறிப்பு எழுதி வைத்திருந்தார். குறிப்புகள் அழியவில்லை, எந்த வரியைப் பற்றி எழுதினாரோ அந்த வரிகள்தான் போய்விட்டன. "இது மிக முக்கியம்" என்று எழுதியிருந்தால், எது முக்கியம்? பையன் வழக்குப் போட்டார். அமேஸான் 1,50,000 டாலர் கொடுத்து ராஜியாயிற்று. தொகை வக்கீல்களுக்கும் அதில் ஒரு பங்கு தருமத்துக்கும் போயிற்று. கம்பெனியின் தலைவர் ஜெஃப் பெஸோஸ், தாங்கள் செய்தது முட்டாள்தனம் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்டாரே தவிர, சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

2019-ல் இன்னொரு கூத்து. மைக்ரோஸாப்ட் கம்பெனி தன் மின்நூல் கடையையே இழுத்து மூடியது. கடை மூடியதும், அங்கே வாங்கிய புத்தகங்கள் அத்தனையும் வாங்கியவர்களிடமிருந்து மறைந்தன. பணத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக 25 டாலர்! எங்கள் பாட்டியின் "பாவி!" 25 டாலருக்குப் பெறுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையே போதுமாயிருந்தது.

சரி, புத்தகத்தை விடுங்கள். குழந்தை ஆடுவதைப் படம் பிடித்துத் தாத்தா பாட்டிக்கு அனுப்பாத தாய் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? 2007-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு தாய், தன் சமையலறையில் குழந்தை குதித்துக் குதித்து ஆடுவதைப் படம் எடுத்து யூடியூபில் போட்டார். மொத்தமே 29 விநாடி. பின்னால் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டு எங்கேயோ கொரகொரவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. பாட்டின் உரிமையாளரான யுனிவர்சல் கம்பெனியிலிருந்து யூடியூபுக்கு நோட்டீஸ் போயிற்று; படம் இறங்கிவிட்டது. முன்னே சொன்ன சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. நோட்டீஸ் வந்தவுடன் இறக்கிவிட்டால், இணையதளக்காரர்மேல் பழி வராது. ஆகவே அவர்கள் முதலில் இறக்குவார்கள். நியாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. பதில் நோட்டீஸ் கொடுத்துப் படத்தைத் திரும்ப ஏற்றினார், கோர்ட்டுக்கும் போனார். "நியாயமான உபயோகமா, இல்லையா என்று யோசித்துப் பார்க்காமல் நோட்டீஸ் அனுப்பக் கூடாது" என்று மேல் கோர்ட்டு 2015-ல் சொல்லிற்று. கடைசியில் வழக்கு ராஜியில் முடிந்தபோது வருஷம் 2018. அதற்குள் ஆடிய குழந்தை பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பை எட்டியிருக்கும். பாட்டுக்காரருக்கு நியாயமான காசு போக வேண்டியதுதான், யார் இல்லையென்றது? ஆனால் பாட்டுத் திருடுகிறவன் யாரும் சமையலறையில் குழந்தையை ஆடவிட்டுத் திருடமாட்டான் என்பது எனக்கே தெரிகிறதே!

இந்தப் பூட்டுச் சட்டத்தில் ஒரே ஆறுதல், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்பது. கொடுக்கிற அதிகாரி யாரென்றால், அமெரிக்கப் பார்லிமெண்டு நூலகத்தின் தலைவர்! கண் தெரியாதவர்கள் மின்நூலை உரக்கப் படிக்கும் கருவியில் போட்டுக் கேட்பதற்குக்கூடப் பூட்டு குறுக்கே நின்றது; 2003 முதல் அவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். விவசாயிகள் தங்கள் சொந்த டிராக்டரைப் பழுது பார்க்க 2015-ல் விலக்குக் கிடைத்தது. 2024-ல் யாருக்குத் தெரியுமா? ஐஸ்கிரீம் யந்திரத்துக்கு! கடைகளிலுள்ள அந்த யந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்யும். உள்ளே இருக்கும் மென்பொருள் பூட்டைத் திறக்காமல் என்ன கோளாறு என்று பார்க்க முடியாது. இனி கடைக்காரர் திறந்து பார்க்கலாம். திறப்பதற்கான கருவியை விற்பதுமட்டும் இன்னும் குற்றம்தான். மாமியார் மெச்சின மருமகள் கதையாக இல்லை?

நம் நாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் இயற்றியது. 2012-ல் திருத்தியபோது இங்கேயும் பூட்டுக்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால் நம்மவர்கள் சற்று நிதானித்து எழுதினார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறப்பதற்கு இடம் இருக்கிறது. அப்படித் திறக்க உங்களுக்கு வேறொருவர் உதவினால், அவர் உங்கள் பெயர், விலாசம் எல்லாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுமாம்! கண் தெரியாதவர்களுக்கு ஏற்றபடி நூலை மாற்றிக் கொடுப்பதற்கும் அதே திருத்தத்தில் அனுமதி தந்தார்கள். 2013-ல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் இதற்காக ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையை, அடுத்த ஆண்டே முதன்முதலில் உறுதி செய்த நாடு இந்தியாதான்.

ஆனாலும், கடைக்காரர் காட்டும் நிபந்தனைகளைப் படிக்காமலே "சம்மதம்" என்ற இடத்தில் விரலை வைக்கிறோமே, அங்கே நாம் எதற்குத் தலையாட்டினோம் என்பது வேறு விஷயம். அநேகமாக அதில் "விற்பனை" என்று இராது. "படிக்க உரிமம்" என்று இருக்கும். கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதற்கு ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் கொடுக்கிற வியாபாரி, "வாங்குங்கள்" என்று பொத்தானில் போடுவதானால், இது சொந்தமாகாது என்பதையும் கண்ணில் படும்படி சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கூடிய சரக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பூட்டில்லாமல் அப்படிக் கொடுக்கும் பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அடுத்த தடவை மின்நூலோ பாட்டோ வாங்கும்போது, இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா, கடை மூடினாலும் திறக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். புடவைக்குச் சாயம் போகுமா என்று கேட்காமலா வாங்குகிறோம்?

இவ்வளவையும் அம்மாவிடம் விளக்கி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அவள் அதைப் படிச்சு எனக்கு டெலிபோன்ல சொல்லலாமா? அதுக்கும் ஏதாவது சட்டம் இருக்கா?" என்று கேட்டாள்.

மகள் தாய்க்குக் கதை படித்துக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் எந்த ஊரிலும் எனக்குத் தென்படவில்லை. இப்போது சனிக்கிழமை காலை, அதாவது அக்காவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி, வாரம் ஓர் அத்தியாயம் நடக்கிறது. நேற்று எட்டாவது. சரியான கட்டத்தில் அக்கா நிறுத்திவிட்டாளாம். "தொடரும்னு வேறே சொல்றா!" என்று அம்மா காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.