காட்டுக்கோழியும் வன்னிக் காடும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வைகறையில் கூவுவது வீட்டுச் சேவல் மாத்திரமன்று. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி ஆகிய பகுதிகளில் காட்டோரம் வாழ்வோர், பற்றைக்குள்ளிருந்து எழுந்து சட்டென நின்றுவிடும் இன்னொரு கூவலையும் அறிவர். அது இலங்கைக் காட்டுக்கோழியின் குரலாகும்.

உலகிலுள்ள காட்டுக்கோழி இனங்கள் நான்கு. சிவப்பு, சாம்பல், பச்சை என மூன்று பிற நாடுகளுக்குரியவை. நான்காவது இத்தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாதது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசன் 1831 ஆம் ஆண்டில் இதற்கு லஃபாயெட்டின் பெயரைச் சூட்டினார். இன்று இதுவே எமது தேசியப் பறவையாகும்.

சேவல் செம்மஞ்சள் மேனியும் கருநீலம் பாய்ந்த சிறகும் வாலும் கொண்டது. அதன் சிவந்த கொண்டையின் நடுவே காணப்படும் மஞ்சள் நிறமே இவ்வினத்தின் தனி அடையாளம். பேடோ காய்ந்த சருகின் நிறத்தது. நிலத்திலோ கைவிடப்பட்ட பிற கூடுகளிலோ சில முட்டைகளையே இட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும் அதற்கு அந்நிறமே காவல். விதைகள், உதிர்ந்த கனிகள், கறையான்கள், பூச்சிகள் ஆகியனவே இவற்றின் உணவு. சருகைக் கிளறி இரைதேடும் இப்பறவை, மனித அரவம் கேட்டதும் பறப்பதைவிட ஓடி மறைவதையே விரும்பும்.

தீவு முழுவதையும் நோக்கின் இவ்வினம் அழிவின் விளிம்பில் இல்லை. எனினும் அது எமக்கு அசட்டையைத் தரலாகாது. 2009 இல் போர் முடிந்தபின், கண்ணிவெடி அச்சத்தால் மனிதர் நுழையாதிருந்த காடுகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. மீளக் குடியேறிய மக்களுக்குக் காணியும் வயலும் இன்றியமையாதவை. அதனை மறுப்பது அநீதி. ஆனால், விற்பனைக்காக வைக்கப்படும் சுருக்குகளும் கட்டுத்துவக்குகளும் எவரது பசியையும் நிரந்தரமாகத் தீர்ப்பதில்லை. கட்டுத்துவக்குக்குக் காட்டுப்பன்றி, மாடு, விறகு பொறுக்கச் செல்லும் மனிதர் என்ற வேறுபாடு தெரியாது. காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமுமாகும்.

இன்னோர் ஆபத்து அமைதியானது. காட்டோரம் அவிழ்த்துவிடப்படும் வீட்டுக்கோழிகள் காட்டுக்கோழிகளுடன் இனங்கலக்கக் கூடியவை, நோய்களையும் பரப்பக்கூடியவை. இரவில் அவற்றைக் கூட்டில் அடைப்பதும், காட்டெல்லையில் பற்றைகளை முற்றாக எரிக்காது ஓரளவு விட்டுவைப்பதும் எவருக்கும் பெருஞ்செலவல்ல.

தமிழரும் முஸ்லிம்களும் தம் ஊர்களுக்கு மீண்டு வந்து பண்படுத்தும் இம்மண்ணில், ஊருக்கும் காட்டுக்கும் இடையிலான எல்லையை நிதானமாக வகுத்துக்கொண்டால், நாளை எமது பிள்ளைகளும் அந்த இரண்டாவது கூவலைக் கேட்பர்.