குதிகால் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி... கிரிவலத்துக்கு முன் போடலாமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகிறார்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் தரிசித்தபடி, 14 கிலோமீட்டர் தூரம், பெரும்பாலும் வெறுங்காலில். குதிகால் வலி உள்ளவர்களுக்கு இது பெரும் சோதனை. ‘பௌர்ணமிக்குள்ள ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்’ என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால், ஊசி போட்ட கையோடு நடப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல் அடி ஏன் வலிக்கிறது?

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. ‘பிளான்டார் ஃபேசியா’ என்பது அதன் பெயர். அதிக நடை, நெடுநேரம் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் சதை போன்ற காரணங்களால் அந்தப் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் சேதமடைகிறது. இரவெல்லாம் சுருங்கிக்கிடந்த பட்டை, காலையில் முதல் அடி வைக்கும்போது சட்டென இழுபடுவதால்தான் அப்படிக் குத்துகிறது.

எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்றால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கும்.

ஒரு மாத நிம்மதி

ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும் என்பது உண்மை. எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் 82 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட 4-வது வாரத்தில் வலி குறைந்திருந்தது. 8, 12-வது வாரங்களில் இரு தரப்புக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 39 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான காக்ரேன் அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது. அதாவது, ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரைதான் ஊசியின் பலன்.

வலி தெரியாவிட்டால் என்ன ஆகும்?

ஊசி போட்ட இடத்தில் நார்ப்பட்டை பலவீனமாகலாம். வலி தெரியாத தைரியத்தில் 14 கிலோமீட்டர் நடந்தால், அது கிழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் நடந்துவிட்டால் மாதக்கணக்கில் அவதி. திரும்பத் திரும்ப ஊசி போட்டால், குதிகாலைத் தாங்கும் கொழுப்பு மெத்தை தேய்ந்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் ரத்தச் சர்க்கரை எகிறும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடப்பதே ஆபத்து. காயமோ, வெயிலில் கொதிக்கும் தரையின் சூடோ தெரியாது.

முதலில் செய்ய வேண்டியவை

* படுக்கையை விட்டு எழும் முன், வலிக்கும் காலைத் தூக்கி மறுகால் முட்டியில் வையுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து, 10 வரை எண்ணுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, தினமும் 3 வேளை.

* சுவரைப் பிடித்து நின்று, கெண்டைக்கால் சதையை நீட்டும் பயிற்சி செய்யுங்கள்.

* மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணியுங்கள்.

பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் இந்த வலி தானாகவே அடங்கிவிடும். பல மாதங்கள் பயிற்சி செய்தும் தாங்க முடியாதவர்களுக்குத்தான் ஊசி. அந்த ஒரு மாத நிம்மதியைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். போட்டதும் சுமார் இரண்டு வாரங்களுக்கு நீண்ட நடை வேண்டாம்.

கிரிவலத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பௌர்ணமியன்றுதான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்த நாளிலும் மலையை வலம் வரலாம். வலி ஆறிய பிறகு, கூட்டமில்லாத ஒரு நாளில், வெயிலுக்கு முன்பே கிளம்பி, ஒவ்வொரு லிங்கத்திலும் உட்கார்ந்து எழுந்து போகலாம். நிறைமாதக் கர்ப்பிணியான ராணியைப்போல மெல்ல நடக்க வேண்டும் என்பதுதான் கிரிவலத்துக்குப் பெரியவர்கள் சொல்லிவைத்த முறை. குதிகாலுக்கும் அதுவே நல்லது.