ஃப்ரீன்னா, எதிலிருந்து ஃப்ரீ?

இந்த எபிசோடில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் எடுத்துக்கப் போறோம்: 'ஃப்ரீ'.

'ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ', 'சாயங்காலம் ஃப்ரீயா?', 'விடு மச்சி, ஃப்ரீயா விடு'. இப்படித் தமிழாகவே மாறிப்போன சொல் இது. சிக்கலும் அங்கேதான் இருக்கு. 'ஃப்ரீ' என்றதுமே நம்ம காதில் முதலில் விழுவது 'காசு இல்லை' என்பதுதான். ஆனா ஆங்கிலத்தில் அது இந்தச் சொல்லின் ஒரு கிளை மட்டுமே. அடிமரம் வேற: 'கட்டு இல்லை'.

எந்தக் கட்டு இல்லை? அதைப் பக்கத்தில் இருக்கும் சொல்தான் சொல்லும். விலை என்ற கட்டு இல்லைன்னா இலவசம். வேலை என்ற கட்டு இல்லைன்னா ஓய்வு. அதனால 'ஃப்ரீ'யைப் பார்க்கும்போதெல்லாம் 'எதிலிருந்து ஃப்ரீ?' என்று கேட்டுப் பாருங்க.

முதலில், ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் ஃப்ரீ. 'டியூட்டி ஃப்ரீ' கடையில் சுங்கவரி மட்டும்தான் இல்லை, பொருளுக்குக் காசு உண்டு. 1800-ல் தொடங்கும் 'டோல் ஃப்ரீ' எண்ணில் கட்டணம் இல்லாதது கூப்பிடுகிற நமக்குத்தான். அந்த பில்லை எதிர்முனையில் இருக்கும் நிறுவனம் கட்டுது.

'சுகர் ஃப்ரீ'யில்தான் ரொம்பக் கவனம் வேணும். இந்தியாவின் 2018-ம் ஆண்டு உணவு விளம்பர விதிகள்படி, 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லைன்னா அப்படிப் போட்டுக்கலாம். ஆனா பிஸ்கட்டில் மாவு அப்படியேதான் இருக்கு, அது உடம்புக்குள்ள போய் குளுக்கோஸாகத்தான் மாறும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் 'சுகர் ஃப்ரீதானே' என்று நாலு பிஸ்கட் கூடுதலா சாப்பிட்டால், அந்தச் சொல் தராத வாக்குறுதியை நம்பினதா ஆகிடும்.

அடுத்தது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஃப்ரீ. கிரிக்கெட்டில் 'ஃப்ரீ ஹிட்' என்றால் போல்டு, கேட்ச் மாதிரியான பயம் பேட்ஸ்மேனுக்கு இல்லை. ஆனா ரன் அவுட் ஆகலாம். இயற்பியலில் 'ஃப்ரீ ஃபால்' என்றால் புவியீர்ப்பு தவிர வேறெந்த விசையும் இல்லை. ரெண்டிலுமே கட்டு முழுசா அவிழலை என்பதைக் கவனிங்க.

மூணாவது, ஆபீஸ் மெயிலில் வரும் 'ஃபீல் ஃப்ரீ'. 'ஃபீல் ஃப்ரீ டு ஆஸ்க்' என்றால் 'தயங்காம கேளுங்க'. கோட் ரிவ்யூவில் 'ஃபீல் ஃப்ரீ டு இக்னோர்' என்று ஒருத்தர் எழுதினால் அது பெரும்பாலும் குத்தல் இல்லை. 'இது யோசனைதான், வேண்டாம்னா விட்டுடலாம்' என்ற அனுமதி. அனுமதி என்பதால்தான் மேலதிகாரிக்கு எழுதும்போது பார்த்து எழுதணும். 'ஃபீல் ஃப்ரீ டு அப்ரூவ் மை லீவ்' என்றால், லீவ் தர நாம அவருக்கு அனுமதி கொடுக்கிற மாதிரி ஆகிடும்!

கடைசியா நம்ம துறை. 'ஃபார் ஃப்ரீ' என்றால் காசில்லாம. 'ஃப்ரீலி' என்றால் தடையில்லாம. இந்த வித்தியாசத்தில்தான் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' இயக்கமே நிற்குது. 1983-ல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பேசியது விலையைப் பற்றி இல்லை, உரிமையைப் பற்றி. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சு மாத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாத்தினதையும் பகிரலாம். இந்த நாலையும் 0 முதல் 3 வரை எண்ணிட்டிருக்காங்க, புரோகிராமர்கள் இல்லையா! இப்படிப்பட்ட மென்பொருளைக் காசுக்கும் விற்கலாம். மறுபக்கம், காசில்லாம இறக்கிக்கிற எத்தனையோ ஆப்களின் கோடை நாம தொடவே முடியாது.

இந்தக் குழப்பம் ஆங்கிலம் பேசுறவங்களுக்கே இருந்தது. 1998-ல் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் வந்ததுக்கு அது ஒரு காரணம். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'இலவச மென்பொருள்' வேற, 'கட்டற்ற மென்பொருள்' வேற. அதனால ஒரு லைப்ரரியை கிளையண்ட் புராஜெக்டில் சேர்க்கும் முன்னாடி, இது இலவசமா, கட்டற்றதா என்று தமிழில் ஒருமுறை கேட்டுக்கோங்க. பதில் லைசென்ஸில் இருக்கும், விலைப் பட்டியலில் இருக்காது.

போகிற போக்கில் ஒரு தகவல். 'ஃப்ரீ', 'ஃப்ரெண்ட்', சமஸ்கிருதத்தின் 'பிரிய' மூணுக்கும் ஒரே பழைய வேர், அன்பு என்ற பொருளில். நாம 'பிரியம்' என்று சொல்றதும் அந்தக் குடும்பம்தான். அடிமையா இல்லாம வீட்டு மனுஷரா, பிரியமானவரா இருப்பவர் என்ற எண்ணத்திலிருந்துதான் 'கட்டில்லாதவர்' என்ற பொருள் வளர்ந்ததா மொழியறிஞர்கள் சொல்றாங்க. காசுக் கணக்கெல்லாம் அதுக்கப்புறம் வந்து ஒட்டினது.

அடுத்த எபிசோடில் இன்னொரு சொல்லோட பார்க்கலாம்.