அவையில் அந்நியர்

மக்களவையின் நடைமுறை விதிகளை நான் உட்கார்ந்து படித்தது தில்லிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான். போகுமுன்பே படித்திருக்க வேண்டும். அவை நடக்கும்போது ‘ஸ்ட்ரேஞ்சர்’களை உள்ளே விடுவது சபாநாயகரின் உத்தரவுக்கு உட்பட்டது என்கிறது 386ஆம் விதி. அவர் நினைத்தால் எந்த நேரத்திலும் ‘ஸ்ட்ரேஞ்சர்’களை வெளியேறச் சொல்லலாம் என்கிறது 387. முறைதவறி நடக்கும் ‘ஸ்ட்ரேஞ்சர்’களை அகற்றுவது, காவலில் வைப்பது பற்றியது 387அ. யார் இந்த ஸ்ட்ரேஞ்சர்? வேற்று நாட்டு ஒற்றன் இல்லை. நாம்தான். ஓட்டுப் போட்டு அந்த அவையை உண்டாக்கியவர்கள். தமிழில் நாசூக்காகப் ‘பார்வையாளர்’ என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த நாசூக்கில் விஷயம் மறைந்துபோகிறது. சரியான சொல் அந்நியர். இந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை, ஒரு மணி நேரம் அந்நியராக உட்கார்ந்திருந்தவள் என்ற தகுதியில் விளக்கப் பார்க்கிறேன்.

அனுமதிச் சீட்டுக்கான படிவத்தில் உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். வருபவர் என் உறவினர், அல்லது நண்பர், அல்லது எனக்கு நேரடியாகத் தெரிந்தவர். இவருக்கு நான் பொறுப்பு என்பது உறுதிமொழியின் சாரம். எனக்காகக் கையெழுத்திட்டவரை நான் பார்த்ததேயில்லை. நண்பரின் நண்பர், அவருக்குத் தெரிந்த உதவியாளர் என்று நம்ம ஊர் வழக்கப்படி காரியம் நடந்தது. ஆக, குடிமகள் என்ற தகுதி வாசல் வரைக்கும்தான் செல்லும். வாசலைத் தாண்டணும்னா யாருக்காவது ‘வேண்டியவளாக’ இருக்கணும். தாலுகா ஆபீஸ் தொடங்கி நாடாளுமன்றம் வரை அதிகாரத்தின் இலக்கணம் ஒன்றேதான். படிவத்தில் நான் தெரிந்தவள், விதிப்புத்தகத்தில் அந்நியள். இந்த இரண்டுக்கும் நடுவில் குடிமகள் என்று ஒருத்தி எங்கே இருக்கிறாள்?

சொல் நம்முடையதல்ல, லண்டனிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் உறுப்பினர் ஒருவர் எழுந்து ‘அந்நியர்களைக் காண்கிறேன்’ என்று சொன்னால் மாடம் காலியாக வேண்டும் என்ற மரபு இருந்தது. 1875இல் ஜோசப் பிக்கர் என்ற ஐரிஷ் உறுப்பினர் அப்படிச் சொன்னபோது வெளியேற நேர்ந்தவர்களில் இளவரசரும் ஒருவர். பெண்களுக்கு அங்கே தனி மாடம், முன்னால் கனத்த உலோகத் தட்டி. அவர்கள் பார்க்கலாம், அவர்களை யாரும் பார்க்கக்கூடாது. 1908இல் வாக்குரிமை கேட்ட பெண்கள் அந்தத் தட்டியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். தட்டி அகற்றப்பட்டது 1917இல்தான். ‘அந்நியர்’ என்ற சொல்லை அந்தச் சபையே 2004இல் கைவிட்டு ‘பொதுமக்கள்’ என்று மாற்றிக்கொண்டது. கொடுத்தவர்கள் விட்டுவிட்டார்கள். வாங்கிய நாம் நான் படித்த பதிப்பு வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நான் போனது 2023 செப்டம்பர் 20. புதிய கட்டடத்தில் அவை கூடத் தொடங்கிய இரண்டாம் நாள். மகளிர் இடஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா மீது விவாதம். கைபேசி, பை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சோதனைகளைக் கடந்து மாடத்துக்குப் போனேன். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது. ‘இதை டிவியிலயே பாத்திருக்கலாமேடி’ என்று தில்லியில் படிக்கும் தோழி முந்தின நாள் சொல்லியிருந்தாள். நியாயமான கேள்விதான். 1994இல் கேள்வி நேரம் நேரடி ஒளிபரப்பானது. 2006இல் மக்களவைக்கென்று தனி அலைவரிசை வந்தது. 2021இல் இரு அவைகளுக்கும் சேர்த்து ‘சன்சத் டிவி’ ஆனது. பிறகு எதற்கு இந்த அலைச்சல்?

காரணம் இருக்கிறது. கேமரா அவையினுடைய கேமரா. யாருக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட்டதோ அவரை அது காட்டும். அமளி வந்தால் பெரும்பாலும் சபாநாயகர் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதாவது, அவை தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் பிரதிதான் ஒளிபரப்பு. மாடத்திலிருந்து பார்க்கும்போது பிரதியின் விளிம்பு தெரிகிறது. ஒருவர் பேசும்போது யார் காதைக் கொடுக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள், மைக் கிடைக்காத வாய்கள் எதை நோக்கி அசைகின்றன என்பதெல்லாம் தெரிகிறது. நாடாளுமன்றம் என்றால் பேச்சு என்று டிவி கற்பிக்கிறது. யார் யாரைக் கேட்பதில்லை என்பதும் நாடாளுமன்றம்தான் என்று மாடம் கற்பிக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. அந்த அவையில் இருக்கைகள் 888. அன்றைக்கு உறுப்பினர் இடங்கள் 543. மீதி எதற்கு? மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பங்கிட்ட கணக்கு 1976இல் உறையவைக்கப்பட்டு, 2001இல் மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. அந்த உறைவு கலையும் நாளுக்காகத்தான் இந்த இருக்கைகள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கின்றன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் குரல் அந்தக் கணக்கில் சுருங்கும் என்ற அச்சம் இங்கே நெடுநாளாகப் பேசப்படுவது. விவாதமே நடக்காத ஒரு விஷயத்துக்கு மரச்சாமான்கள் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டிருந்தன.

அன்றைய மசோதாவும் அந்தக் காலி இருக்கைகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஆனால் சட்டம் வந்தபிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்மேல் தொகுதி மறுவரையறை, அதற்கப்புறம்தான். 1996இல் முதன்முதலாக அறிமுகமாகி, கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் போய், 2010இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவைக்கு வராமலே செத்துப்போன யோசனை இது. 2019இல் அந்த அவைக்குத் தேர்வான பெண்கள் 78 பேர். நூற்றுக்குப் பதினைந்துகூட இல்லை.

நான் இருந்த நேரத்தில் கனிமொழி பேசினார். எங்களை வணங்கவேண்டாம், பீடத்தில் ஏற்றவேண்டாம், சமமாக நடத்தினால் போதும் என்பது அவர் பேச்சின் மையம். மசோதாவுக்கு வைத்த பெயரிலேயே பெண் சக்திக்கு வந்தனம் இருக்கிறது. வந்தனத்துக்கும் விலக்கத்துக்கும் உள்ள உறவை அம்மன் கோயில் வைத்திருக்கும் எந்த ஊர்ப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள். இதர பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் பல கேட்டன. பெண் என்ற ஒற்றை வகைமைக்குள் சாதி கரைந்துவிடாது என்று நம் சிறுபத்திரிகைகளில் எழுதியெழுதி ஓய்ந்ததை, நாட்டின் உச்ச அவையில் ஒரு திருத்தக் கோரிக்கையாகக் கேட்டது எனக்குப் புது அனுபவம். ஏற்கப்படவில்லை. ஆனால் சொல்லப்பட்டது, பதிவானது. மாலையில் 454க்கு 2 என்று மசோதா நிறைவேறியபோது நான் வெளியே இருந்தேன். என் சீட்டுக்கு ஒரு மணி நேரந்தான் ஆயுள்.

பதிவானது என்றேன். அதிலும் ஒரு முடிச்சு. அவதூறானவை, அவைக்குப் பொருந்தாதவை என்று சபாநாயகர் கருதும் சொற்களை 380ஆம் விதிப்படி நீக்கலாம். பதிவில் அவ்விடத்தில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். மாடத்தில் இருந்தவள் காதில் விழுந்தது, அதிகாரபூர்வமாக நிகழாததாகிவிடும். பீகார் சட்டமன்றத்தில் 1957இல் நீக்கப்பட்ட பேச்சைப் பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளிதழ் அச்சிட்டது. உரிமை மீறல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவையின் சிறப்புரிமையே மேல் என்று 1958இல் தீர்ப்பானது. கேட்பது ஒன்று, கேட்டதைச் சொல்வது வேறொன்று என்று இதற்கு அர்த்தம்.

மாடம் பேசிய நாட்களும் உண்டு. 1929 ஏப்ரல் 8இல் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் மத்திய சட்டசபையின் மாடத்திலிருந்து குண்டு வீசினார்கள். கொல்வது நோக்கமில்லை, செவிடர் காதில் விழவேண்டும் என்றது துண்டறிக்கை. அந்நாட்களில் அவையின் முன் இருந்தவை தொழில் தகராறு மசோதாவும் பொதுப் பாதுகாப்பு மசோதாவும். 2023 டிசம்பர் 13இல் இரண்டு இளைஞர்கள் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்து மஞ்சள் புகையைப் பரப்பினார்கள். இரண்டையும் சமமாக்குவது சோம்பேறித்தனம். அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். உள்துறை அமைச்சர் அறிக்கை தரவேண்டும் என்று கேட்டுப் போராடிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அடுத்தடுத்து நீக்கிவைக்கப்பட்டார்கள். அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெளியே இருந்தபோதே, டிசம்பர் 20இல், மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை மக்களவை நிறைவேற்றியது. அந்நியர் என்பது மாடத்துக்கு மட்டுமான பெயரில்லை. நாம் அனுப்பியவரையும் அது வந்து சேரும்.

சபாநாயகர் இருக்கைக்கு அருகே, 2023 மே 28இல் வைக்கப்பட்ட செங்கோல். தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அதைப் பார்த்ததும் வேறு யார் ஞாபகம் வரும்? புகாரிலிருந்து வந்த ஒருத்தி, மதுரைக்கு அந்நியள். வாயிற்காவலன் போய்ச் சொல்ல, உள்ளே வரவிடு என்றான் மன்னன்; யார் நீ என்று கேட்டான்; அவள் பேசினாள், வழக்கு அவையில் நடந்தது. உடனே மன்னராட்சி மேல் என்று கிளம்பவேண்டாம். கோவலன் வெட்டுப்பட்ட பிறகுதான் அவளுக்கு அந்த வாசல் திறந்தது. ஒரு மன்னனின் மனசாட்சியை நம்பியிருக்கும் நீதி ஏற்பாடாகாது. கொலைக்கு முன்பே, தினமும், கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். நாடாளுமன்றம் அந்த இடமாக இருப்பதாகச் சொல்கிறது. அந்தச் சொல்லை வைத்துத்தான் அதைக் கேள்வி கேட்க முடியும்.

‘பன்றித்தொழுவம்’ என்ற பழைய கோஷத்தோடுதான் நான் தில்லிக்கு ரயிலேறினேன். அதை நானே மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாடாளுமன்றம் புனிதமாகிவிட்டதால் அல்ல. அந்தக் கோஷம் நம்மைக் கவனிக்கும் வேலையிலிருந்து விடுவித்துவிடுகிறது. அவையும் அதைத்தான் விரும்புகிறது. நம்மை அந்நியராக்க அவர்களுக்கு விதி வேண்டியிருக்கிறது, நமக்கு ஒரு கோஷமே போதுமாக இருக்கிறது.

இன்னொரு கூச்சமும் உண்டு. அந்நியர் என்ற சொல்லுக்கு இடமில்லாத அவை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். யார் கையெழுத்தும் வேண்டாம், யாருக்கும் வேண்டியவராக இருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாளும் தெரியும். அங்கே யார் தரையில் உட்காருகிறார்கள், யார் நாற்காலியில், தீர்மான நோட்டு யார் கையில் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் மைல் போய் ஒரு மணி நேரம் வாய்மூடி உட்கார்ந்து வந்த நான், என் ஊர்க் கிராம சபைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.