தம்பி உயிரோடு வரவேண்டும்

1904 செப்டம்பரில் ஜப்பானின் 'மியோஜோ' இலக்கிய இதழில் யொசானோ அகிகோவின் கவிதை ஒன்று வெளியானது. ரஷ்யாவுடன் போர் மூண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. மஞ்சூரியாவின் போர்ட் ஆர்தர் கோட்டையை முற்றுகையிட்ட ஜப்பானியப் படை ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்துகொண்டிருந்தது. அந்த முற்றுகைப் படையில் இருக்கும் தம்பிக்காக வருந்தி எழுதியது என்று கவிதையின் தலைப்புக்குக் கீழேயே குறிப்பு இருந்தது.

அகிகோவுக்கு அப்போது 25 வயது. 1901இல் வந்த காதல் கவிதைத் தொகுப்பால் ஏற்கெனவே பேர் பெற்றவர். சகாய் என்ற பழைய வணிக நகரத்தில் இனிப்புக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கடைக்கணக்கு எழுதியவர். கவிதையும் அந்தக் கடையிலிருந்துதான் பேசுகிறது. வாள் பிடிக்க உன்னைப் பெற்றோர் வளர்க்கவில்லை, பரம்பரைக் கடைக்கு நீதான் வாரிசு, கோட்டை விழுந்தாலும் நின்றாலும் வணிகக் குடிக்கு அதனால் ஆவதென்ன என்று அக்காள் கேட்கிறாள். தந்தை இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தாய்க்கு நரை கூடிக்கொண்டே போகிறது. தம்பியின் புது மனைவி மறைவில் அழுகிறாள். பேரரசர் போர்க்களத்துக்குப் போவதில்லை என்றும் ஓரிடத்தில் சொல்லிவிடுகிறாள்.

போர் எதிர்ப்புக் கவிதை என்றதும் நாம் கோபத்தையும் முழக்கத்தையும் எதிர்பார்க்கிறோம். இதில் இருப்பது பயம். வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிடுவானோ என்ற பயம். அதைச் சொல்ல வெட்கப்படாததுதான் இந்தக் கவிதையின் துணிச்சல் என்பேன்.

விமர்சகர் ஓமச்சி கெய்கெட்சு இந்தக் கவிதையை ஆபத்தான சிந்தனை என்று எழுதினார். நவம்பர் இதழிலேயே அகிகோ பதில் கொடுத்தார். ரயில் நிலையத்தில் போய்ப் பாருங்கள், வீரர்களை வழியனுப்ப வந்த சொந்தங்கள் 'பத்திரமாகத் திரும்பி வா' என்றுதானே சொல்கிறார்கள், அவர்கள் சொன்னால் சரி, நான் பாடினால் குற்றமா என்பது அவர் வாதம். எதற்கெடுத்தாலும் 'செத்துப்போ, செத்துப்போ' என்று பேசுகிற புதுவழக்கம்தான் ஆபத்தானது என்றும் திருப்பியடித்தார். போர்க்காலத்தில் பொதுப்பேச்சு ஒன்று, வாசற்படியில் பேசுவது வேறொன்று. அகிகோ வாசற்படிப் பேச்சை அச்சில் ஏற்றினார்.

அவர் மட்டுமல்ல. 1905 ஜனவரியில் ஓட்சுகா குசுஓகோ எழுதிய கவிதையில், போருக்குப் போனவனின் மனைவி கோயிலில் நூறு நடை நடந்து வேண்டுகிறாள். முதல் அடியில் கணவன் நினைவு, இரண்டாவதில் நாடு, மூன்றாவதில் மறுபடியும் கணவன். அந்த அடிகளின் வரிசையிலேயே அவள் மனம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடுகிறது.

தம்பி போரில் சாகவில்லை, திரும்பி வந்தார். அகிகோவின் கதை அங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1930களில் அவர் ஜப்பானியப் படைகளைப் போற்றி எழுதினார். 1942இல், கடற்படை அதிகாரியான தம் மகனை வீரத்தோடு போரிடச் சொல்லிக் கவிதை எழுதினார். அந்த ஆண்டு மே மாதம் இறந்தார். தம்பிக்காகப் பதறிய அதே பாசம் மகன் விஷயத்தில் அரசின் குரலோடு சேர்ந்துகொண்டது. வயதா, அச்சமா, உண்மையான நம்பிக்கையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானில் 1904 கவிதை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிச்சயமாகிவிட்டது. மகனுக்கு எழுதியதையும் அதே வகுப்பில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். 25 வயதில் அவர் எதை எதிர்த்து நின்றார் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கும்.