சவர்க்காரம் செய்யும் பற்றீரியா

ஹட்டன் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தாத்தா காலத்தில் தேயிலைக்கு அடித்த டீல்ட்ரினை மண்ணிலுள்ள பற்றீரியா இதற்குள் தின்று தீர்த்திருக்காதா?

1950களில் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக அடித்த மருந்து அது. வண்டோடு ஒரு சிறு குளவியும் செத்தது. இலைசுருட்டுப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து வரவழைத்த குளவி. அது போனதும் புழு பெருகியது. புழுவுக்கு இன்னொரு மருந்து தேவைப்பட்டது.

பற்றீரியாவுக்கு வாய் கிடையாது. நீரில் கரைந்து வருவதைத்தான் பெரும்பாலும் உறிஞ்சும். டீல்ட்ரினோ லீட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவே கரையும். நுவரெலியாக் குளிரில் போத்தலுக்குள் உறைந்த தேங்காயெண்ணெய் கண்ணுக்குத் தெரியும், தலைக்கு வராது, அதே கதைதான். மீதி நஞ்சு மண்ணின் மக்கோடு ஒட்டிக்கொள்கிறது. வருடம் போகப் போக நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. பற்றீரியாவின் உடலே அந்தத் துளைக்குள் நுழையாது. எட்டினாலும் ஒரு மூலக்கூறில் ஆறு குளோரீன் அணுக்கள், கழற்றுவது லேசில்லை. குளிரும் தேயிலை மண்ணின் புளிப்பும் வேலையை இன்னும் மந்தமாக்கும்.

என்னை மயக்குவது சூடோமோனாஸ் பேரினத்துச் சில பற்றீரியாக்கள். அவை தாமே சவர்க்காரம் செய்கின்றன! சர்க்கரைத் தலையும் கொழுப்பு வாலும் உள்ள மூலக்கூறுகள். வால்கள் உள்நோக்கிக் கூடி நுண்ணிய உருண்டையாகி, கரையாத எண்ணெய்ப் பொருளை நடுவே ஏந்தி நீருக்குள் கொண்டுவரும். அப்படியானால் மண்ணில் சவர்க்காரத்தைக் கொட்டினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் வேடிக்கை. அளவு மிஞ்சினால் உருண்டை நஞ்சை விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கும் பற்றீரியா பட்டினி. சில சவர்க்காரங்கள் பற்றீரியாவின் தோலையே கரைத்துவிடும். சில பற்றீரியாக்கள் நஞ்சை விட்டுவிட்டுச் சவர்க்காரத்தையே தின்னும். இலகுவாகக் கிடைக்கும் சாப்பாட்டை யார்தான் விடுவார்?

2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு நஞ்சுகளில் டீல்ட்ரினும் ஒன்று. தடை வந்தால் விற்பனை நிற்கும். ஏற்கெனவே மண்ணுக்குள் போனது தடைக்குக் கட்டுப்படாது. மருந்தடித்தவர்களுக்குக் கையுறை கொடுக்காத காலம் அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் லயத்துப் பக்கம் மரக்கறி போடும் மண்ணையாவது ஒருமுறை சோதித்துச் சொல்லலாமே. களை பிடுங்கி மொட்டையாக விட்ட சரிவிலே மழை பெய்தால், மண்ணைப் பற்றிக்கொண்ட நஞ்சு மண்ணோடே ஆற்றில் இறங்கும். நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லை. அங்கே வேறொரு பற்றீரியாக் கூட்டம், மெதுவாக, அந்தக் குளோரீனை ஒவ்வொன்றாகக் கழற்றப் பார்க்கும்.