மாமை என்னும் அழகு

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வகுப்பில் ஒரு நாடகம் பழக்கினோம். அரசகுமாரி ஒருத்தியின் கதை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அரசகுமாரிக்குரிய வசனங்கள் அனைத்தையும் ஒரே வாரத்தில் மனனம் செய்து வந்திருந்தாள். ஆயினும் அவ்வேடத்தை வேறொரு பிள்ளைக்கு வழங்கி, இவளைப் பணிப்பெண்ணாக நிறுத்தினோம். ஒத்திகை முடிந்து பிள்ளைகள் குளிரங்கிகளை அணிந்துகொண்டிருந்த வேளையில் அவள் அருகே வந்து, "சேர், நான் கறுப்பெண்டபடியாலோ எனக்கு இந்த வேசம்?" என்று கேட்டாள்.

"இல்லை அம்மா" என்று உடனே மறுத்தோம். வீடு திரும்பிய பின்னரே அவ்விடை பொய்யென்பதை உணர்ந்தோம். அரசகுமாரி என்றதும் நமது கண் வெளுத்த பிள்ளையையே தேடியிருந்தது. ஊரிலும் பின்னர் இந்த நோர்வே நாட்டிலுமாக நெடுங்காலம் கற்பித்த நமக்கு அக்கேள்வி பெரும் பாடமாயிற்று. அப்பாடத்தையே இம்மலரின் வாயிலாகப் பெற்றோருடனும் மாணவருடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நிறம் எவ்வாறு உண்டாகின்றது?

மனிதரின் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் உண்டு. அதனை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் மெலனினின் அளவும் வகையும், அது தோலில் பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன.

வெயில் கடுமையான நாடுகளில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் தோலைத் தாக்குவதுடன், போலேற் என்னும் விற்றமினையும் சிதைக்க வல்லவை. கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக்குப் போலேற் இன்றியமையாதது. மெலனின் அக்கதிர்களை உறிஞ்சி உடலைக் காக்கின்றது. மாறாக, வெயில் குறைந்த வடநாடுகளில் வாழ்ந்தோர் கிடைத்த சிறிதளவு ஒளியைக்கொண்டே விற்றமின் டியை ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வெளிறிய தோல் உதவியது. ஆகவே கறுப்பு ஒரு குறையன்று. முன்னோர் வாழ்ந்த வெயிலுக்கு உடல் பிடித்த குடை அது.

நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. அதனாலேயே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்று கறுத்தும் மற்றொன்று சிவந்தும் பிறத்தல் இயல்பாயிற்று. கர்ப்பிணிகள் பாலில் குங்குமப்பூவைக் கலந்து குடித்தால் பிள்ளை வெள்ளையாய்ப் பிறக்கும் என்பது வெறும் நம்பிக்கையே. பணம் செலவாகுமேயன்றி, நிறம் மாறாது.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனித்தல் நன்று. ஒஸ்லோவில் மாரிகாலச் சூரியனைக்கொண்டு எவருடைய தோலும் போதிய விற்றமின் டியை ஆக்க முடியாது. நமது தோலுக்கு மற்றைய காலங்களிலும் கூடுதலான வெயில் தேவைப்படும். எனவே பிள்ளைகளுக்கு விற்றமின் டி கொடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டறியுங்கள். நிறத்தை மாற்ற முயல்வதிலும் இதுவே பயனுள்ள அக்கறையாகும்.

இம்மயக்கம் எங்கிருந்து வந்தது?

நமது பழந்தமிழ் இலக்கியம் வேறொரு செய்தியைக் கூறுகின்றது. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியழகைக் குறிக்க வரும் சொற்களுள் ஒன்று 'மாமை'. மாந்தளிரின் நிறம் என உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர். தலைவன் பிரிந்து சென்றதும் தலைவியின் மாமை கெட்டு, மேனியில் 'பசலை' என்னும் வெளிறிய நிறம் படரும். மாமை அவளது நலம். வெளிறுதலோ துன்பத்தின் அடையாளம். திருக்குறளின் 119ஆம் அதிகாரமான 'பசப்புறு பருவரல்' முழுவதும் இத்துன்பத்தையே பேசுகின்றது. தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குரிய தெய்வமாகக் கூறும் மாயோனும் கருநிறத்தோனே.

பின்னர் நிலை மாறியது. வயலில் வெயிலில் உழைத்தவரைத் தாழ்வாகவும், நிழலில் இருந்தவரை உயர்வாகவும் எண்ணிய சமூகத்தில் நிறமும் தரம் காட்டும் அடையாளமாயிற்று. இலங்கையில் 1505 இல் போர்த்துக்கேயர் வந்ததிலிருந்து 1948 வரை ஐரோப்பியரின் செல்வாக்கு நிலவியது. ஆள்பவனின் நிறமே மேன்மையின் நிறம் என்ற எண்ணம் அக்காலத்தில் மேலும் வலுப்பெற்றது. அதன்பின் வணிகம் வந்தது. 1975 இல் இந்தியாவில் அறிமுகமாகிய 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்னும் கிறீம் நமது வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. 2020 இல் அதன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. நமது திருமணப் பேச்சுகளிலிருந்து அச்சொல் இன்னும் நீங்கவில்லை. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி கூறும் அதே வாய், மணப்பெண் "நல்ல நிறமோ?" என்று விசாரிக்கின்றது.

விந்தை யாதெனில், மாரிகாலத்தில் நோர்வே மக்கள் பெருந்தொகைப் பணம் செலவிட்டுக் கனேரியத் தீவுகளுக்குச் சென்று, தோல் பழுப்பாகும்வரை வெயிலில் கிடக்கின்றனர். நம்மவரோ பழுப்பை நீக்கப் பணம் செலவிடுகின்றனர்.

வெளுக்க வைக்கும் பூச்சுகளுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். 2013இன் மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை ஒழிக்கவும் வகைசெய்துள்ளது. வைத்தியரின் ஆலோசனையின்றிப் பூசப்படும் வீரியமிக்க ஸ்ரீரொயிட் கிறீம்கள் தோலை மெலிவடையச் செய்யும். ஊரிலிருந்து எவரேனும் அன்போடு கொண்டுவந்து தந்தாலும், உள்ளிருப்பது யாதெனத் தெரியாத கிறீமைப் பிள்ளையின் முகத்தில் பூசாதீர்கள்.

நாம் செய்யக்கூடியவை

பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும்போது முதற்சொல்லாக நிறத்தைக் கூறாதிருப்போம். "வெயிலுக்குள்ளை நிண்டு விளையாடாதை, கறுத்துப் போவாய்" என்று தடுக்காதிருப்போம். சகோதரரின் நிறங்களை ஒப்பிடாதிருப்போம். வேடிக்கையாகக் கூறினோம் என்பது கூறியவருக்குத்தான். கேட்ட பிள்ளை அதனை நெஞ்சிலே சுமக்கின்றது. வெளியே எவரேனும் நிறத்தைச் சொல்லி இகழும்போது நிமிர்ந்து நிற்கும் பலத்தைப் பிள்ளைக்கு வீடுதான் வழங்கவேண்டும். அவ்விகழ்ச்சியை வீட்டிலேயே முதலில் கேட்ட பிள்ளை யாரிடம் சென்று முறையிடும்?

அன்பான மாணவச் செல்வங்களே! உங்களை நீங்களே வரையும்போது உங்கள் நிறத்துக்குரிய பென்சிலையே எடுங்கள். அந்நிறத்துக்கு உங்கள் மொழியில் மாமை என்னும் இனிய பெயர் உண்டென்பதை மறவாதீர்கள்.

அந்நாடகத்தின் பின்னர் நமது வகுப்பில் குரலையும் உச்சரிப்பையும் கேட்டே வேடங்களைப் பங்கிடுகின்றோம். அச்சிறுமி இப்போது மேல்வகுப்பில் பயில்கின்றாள். அன்று அவளுக்குக் கூறாத உண்மை விடையை இங்கே எழுதுகின்றோம்: ஆம் மகளே, நீ கேட்டது சரியே. பிழை நமது கண்ணில் இருந்தது. உனது நிறத்தில் இருக்கவில்லை.